பின்பாட்டுக்கு ஒரு காது

(சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பழைய இசைத்தட்டுகள் குறித்து நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒருவன் சொந்தப் புத்தி இல்லாமல் இன்னொருவனுக்கு ஆமாம் போட்டால், தமிழில் அவனை எப்படியெல்லாம் சொல்கிறோம் என்று பாருங்கள். ஒத்து ஊதுகிறான், பின்பாட்டுப் பாடுகிறான், ஜால்ரா தட்டுகிறான், தாளம் போடுகிறான், கூட்டத்தில் கோவிந்தா போடுகிறான். ஐந்தும் இசை நடக்கும் இடத்திலிருந்து வந்த சொற்கள். ஐந்தும் அங்கே பொறுப்பான வேலைகள். ஒத்து இல்லாமல் நாகசுரக் கச்சேரி இல்லை; ஜால்ரா இல்லாமல் பஜனை இல்லை; பின்பாட்டு இல்லாமல் கதாகாலட்சேபம் இல்லை. இருந்தும் அந்த வேலைகளின் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோம். பேச்சு வழக்குதானே என்று இதை விட்டுவிடலாம். ஆனால் இந்த வழக்கம் நம் காதுக்குள்ளும் புகுந்திருக்கிறது என்பது என் கட்சி. முன்னால் நிற்பவரை மட்டும் கேட்கப் பழகிய காது, பழைய கிராமபோன் தட்டுகளில் பாதியைக் கேட்காமலே விட்டுவிடுகிறது. இருவர், மூவர், ஒரு குடும்பம், ஒரு நாடகக் கம்பெனி என்று பல குரல்கள் சேர்ந்து பாடிய தட்டுகளை ரசிக்க வேண்டுமானால், கேட்கும் முறையைத் திருப்பிப் போட வேண்டும். பின்னால் நிற்பவரிடமிருந்து தொடங்க வேண்டும். இன்று நான் நிறுவ முயல்வது இந்த ஒன்றைத்தான்.

இதைச் சேலத்தில் பேசுவதற்குக் காரணம் உண்டு. கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் போன்றவர்களின் குரலைப் பதிந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கம்பெனியின் ஆட்கள் சென்னைக்கும் வந்தார்கள். அந்தத் தொடக்கக் காலத் தட்டுகளில் பாடகியர் பெரும்பாலும் ஊர்ப்பெயரோடு அறியப்பட்டார்கள்: கோயமுத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம், சேலம் கோதாவரி. ரயிலும் தபாலும் கொண்டுபோன இடமெல்லாம் அந்தத் தட்டுகள் சேலத்தின் பெயரைக் கொண்டுபோயின. பிறகு காவிரிக் கரையின் கொடுமுடியிலிருந்து சுந்தராம்பாள் வந்தார். 1935இல் திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். அதன் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. ஆக, ஒலிப்பதிவின் புனல் காலம், மைக் காலம், சினிமாக் காலம் மூன்றிலும் இந்த வட்டாரத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் லேபிளில் ஏறிய ஒவ்வொரு பெயருக்கும் பின்னால், ஏறாத இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. சுருதி கூட்டியவர், தாளம் போட்டவர், அடியை வாங்கிப் பாடியவர். பெயர் போய்விட்டது, அவர்கள் செய்த வேலை தட்டில் இருக்கிறது. அதைத்தான் கேட்கச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் காலத்து ஒலிப்பதிவு எப்படி நடந்தது என்று பார்ப்போம். 1925 வரை மைக் என்ற ஒன்று இதில் கிடையாது. மின்சாரத்துக்கும் இதில் வேலை இல்லை. சுவரிலோ திரையிலோ ஒரு பெரிய புனல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அகன்ற வாய்க்கு முன்னால் பாட வேண்டும். குரலின் அதிர்வு புனலின் குறுகிய முனையில் இருந்த மெல்லிய தகட்டை ஆட்டும். தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். கோடு கிழிக்கும் வலிமை முழுவதும் பாடுபவரின் நெஞ்சிலிருந்தே வர வேண்டும். கூட்டவோ குறைக்கவோ திருகு எதுவும் இல்லை. தப்பினால் அந்த மெழுகு வீண், முதலிலிருந்து பாட வேண்டும். சுமார் 200 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைத்தான் அந்தப் புனல் ஓரளவு பிடித்தது. மிருதங்கத்தின் தொப்பி ஓசை அதற்குக் கீழே நழுவிவிடும். தம்புராவின் மெல்லிய ஜீவன் புனலுக்கு எட்டாது. அதனால்தான் அத்தனை பழைய தட்டுகளில் ஆர்மோனியம் சுருதி பிடிக்கிறது. அதற்கு உரத்துப் பேசத் தெரியும்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு கட்டுப்பாடுதான் கையில் இருந்தது: யார் புனலுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பது. பெரிய குரல் ஓரடி பின்னால், சின்னக் குரல் முன்னால். முதற்குரல் நடுவில், துணைக்குரல் பக்கவாட்டில். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது தலையைச் சற்றுத் திருப்புவது அல்லது பின்வாங்குவது. இன்று ஒலிக்கூடத்தில் பாட்டு முடிந்தபின் விரலால் செய்யும் ‘மிக்ஸிங்’ வேலையை அன்று பாடுபவர்கள் பாடும்போதே காலால் செய்தார்கள். ஆகவே பல குரல் சேர்ந்த ஒரு பழைய தட்டைக் கேட்கும்போது நம் காதில் விழுவது ராகமும் சொல்லும் மட்டுமல்ல. ஓர் அறையில் மனிதர்கள் நின்ற வரிசையும் விழுகிறது. யார் யாருக்கு இடம் விட்டார், யார் முந்தினார், யார் ஒதுங்கினார் என்பது கோட்டிலேயே பதிந்திருக்கிறது. தனிக்குரல் தட்டில் இந்தச் செய்தி மிகக் குறைவு. கூட்டுக் குரல் தட்டில்தான் அது நிறைந்து கிடக்கிறது. இதைக் கேட்டு வாங்கும் இடம் துணைக்குரல். முதற்குரல் எல்லாத் தட்டிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும். துணைக்குரலின் தூரத்தை வைத்துத்தான் அந்த அறையை அளக்க முடியும்.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். ‘அந்தத் தட்டில் அப்பளம் பொரிகிற சத்தம்தான் கேட்கிறது, முதற்குரலே தெளிவாக இல்லாதபோது பின்குரலை எங்கே தேடுவது?’ நியாயமான கேள்வி. இந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி எரிச்சல் அடங்கும். தட்டு செய்த பொருளில் சோட்டா நாக்பூர்க் காடுகளின் அரக்கு இருந்தது. அதோடு கல்பொடியும் கரியும் பஞ்சு இழையும் கலந்திருந்தன. கல்பொடி இருந்தால்தான், பாரமான ஒலிப்பெட்டியைச் சுமந்துவரும் எஃகு ஊசியைத் தட்டு தாங்கும். கோட்டைத் தேய்ப்பதற்குப் பதில் ஊசி தேயும். அதனால்தான் பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்றினார்கள். ஆக அந்தப் பொரிசத்தம் கல்லின் மேல் எஃகு உராயும் சத்தம். அது பாட்டைச் சேர்ந்ததில்லை, எந்தப் பாட்டுக்கும் அது ஒன்றேதான். மாறாத ஓசையைக் காது தானே தள்ளிவிடும். மில்லுக்கு எதிரில் குடியிருப்பவருக்கு மில் சத்தம் கேட்பதில்லை. நான்கு தட்டு பொறுமையாகக் கேட்டவருக்கு ஐந்தாவது தட்டில் இரைச்சல் சுவராகிவிடும், குரல்கள் சித்திரமாகிவிடும். முதற்குரலும் துணைக்குரலும் அசைகின்றன, இரைச்சல் அசைவதில்லை. அசைவதைப் பின்தொடர்வது காதின் இயல்பு.

சரி, துணைக்குரல் அப்படி என்னதான் செய்கிறது? நான்கு வேலைகளைப் பிரித்துச் சொல்லலாம். முதலாவது மூச்சு. முன்பாட்டுக்காரர் அடியின் முடிவில் மூச்சு வாங்கும்போது பின்பாட்டுக்காரர் அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். பாட்டில் ஓட்டை விழுவதில்லை. இரண்டாவது சுருதி. மேலே தாவிப் போன குரல் திரும்பி வந்து இறங்குவதற்குத் துணைக்குரல் ஒரு தரையை வைத்திருக்கிறது. மூன்றாவது ஒப்புதல். வாங்கிப் பாடும் குரல், ‘ஆமாம், இது கேட்கத் தக்கது, இன்னொரு முறை கேளுங்கள்’ என்று அவைக்குச் சொல்கிறது. நான்காவதுதான் என் வாதத்துக்கு ஆணிவேர். துணைக்குரல் பெரும்பாலும் மெட்டைச் சாதாரணமாக, நேராகப் பாடும். முதற்குரல் அதே மெட்டில் பிருகாவும் கமகமும் சேர்த்துச் சுழற்றும். இரண்டும் ஒரே கோட்டில்தான் போகின்றன, ஆனால் ஒன்று சாலையில் நடக்கிறது, மற்றது வரப்பில் ஏறி இறங்கி வருகிறது. எது மெட்டு, எது பாடகர் தம் கற்பனையால் சேர்த்தது என்பதை அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் காட்டிக் கொடுக்கிறது. நேர்க்கோடு பக்கத்தில் இல்லாவிட்டால் வளைவின் அழகு யாருக்குத் தெரியும்? முதற்குரலின் மேதைமையை அளக்கும் அளவுகோல் துணைக்குரலின் கையில் இருக்கிறது.

இந்தக் கேட்கும் முறை சேலம், நாமக்கல் சமவெளிக்குப் புதிதில்லை. கொங்கு நாட்டு வள்ளி கும்மியில் ஆசிரியர் ஓர் அடி பாடுகிறார். வட்டத்தில் ஆடுபவர்கள் அதை வாங்கிப் பாடுகிறார்கள். அண்ணன்மார் கதையைப் பாடும் உடுக்கடிப் பாட்டில் பாடகருக்கு அருகே பின்பாட்டுக்காரர் இருந்து கதையை நடத்திக் கொடுக்கிறார். மார்கழி விடியலில் பஜனைக் கோஷ்டி தெருவைச் சுற்றும்போது பாகவதர் ஒருவர், கோஷ்டி பலர். 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, அவர்கள் நடைக்கு நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை கொடுத்ததும் பலர் சேர்ந்து பாடும் பாட்டுத்தான். ஒருவர் எடுக்க, பலர் வாங்க என்ற அமைப்பு இங்கே கோயில், களம், வீதி, அரசியல் எல்லாவற்றிலும் ஊறியது. கிராமபோன் புனல் இதைக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததைச் சுருக்கி, மூன்று நிமிடத்துக்குள் அடைத்துப் பிடித்தது. கும்மியில் வாங்கிப் பாடியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தத் தட்டுகளைக் கேட்கத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. பழைய பழக்கத்தைத் தூசி தட்டினால் போதும்.

இரண்டாவது ஆட்சேபம் படித்தவர்களிடமிருந்து வரும். ‘குழுவாகப் பாடுவது என்றால் வெவ்வேறு சுருதியில் வெவ்வேறு குரல்கள் ஒன்றோடொன்று இசைவது. மேல்நாட்டில் அது உண்டு. நம்மிடம் எல்லாரும் ஒரே ஸ்வரத்தைப் பாடுகிறார்கள். நான்கு பேர் பாடினாலும் ஒருவர் பாடியது போலத்தானே?’ மேல்நாட்டுக் குழுக்களின் பழைய தட்டுகள் அருமையானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அமெரிக்காவில் டின்விடி என்ற கறுப்பின நால்வர் குழு 1902இலேயே விக்டர் கம்பெனிக்குப் பாடியது. அடிமை விடுதலைக்குப் பின் பிறந்த ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜூபிலி பாடகர்கள் 1909இல் பாடினார்கள். பெர்லினில் 1927இல் தொடங்கிய காமெடியன் ஹார்மனிஸ்ட்ஸ் குழுவைப் பாதி உறுப்பினர்கள் யூதர்கள் என்பதற்காக நாஜி அரசு 1935இல் உடைத்துப்போட்டது. அந்தக் குழுக்களில் ஒரு குரலை எடுத்துவிட்டால் இசைவு இடிந்துவிடும். கட்டடத்தில் ஒரு தூணை உருவியது போல. நம் முறையில் துணைக்குரலை எடுத்தால் பாட்டு இடியாது, ஆனால் மெலியும். அவர்களுடையது தூண்களின் உறவு, நம்முடையது ஆளுக்கும் நிழலுக்குமான உறவு. நிழல் ஆளை அச்சாகப் பின்பற்றுவதில்லை. வெளிச்சத்துக்கு ஏற்ப நீளும், குறுகும், ஒரு கணம் பிந்தும். அந்தப் பிந்துதலில்தான் நம் கூட்டுப் பாட்டின் நயம் இருக்கிறது. அவர்களுடைய தராசில் நம் சரக்கை நிறுத்தால் எடை குறைவாகத்தான் தெரியும். தராசை மாற்ற வேண்டும்.

நம்மவர் சேர்ந்து பாடுவதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள் என்பதற்குச் சான்று குடும்பங்கள். தட்டு வருவதற்கு முன்பே ஆனை ஐயா சகோதரர்கள் இணைந்து பாடிப் பெயர் பெற்றவர்கள். காஞ்சிபுரத்தில் தனகோடியும் அவர் தங்கை காமாட்சியும் சேர்ந்து பாடினார்கள். பாடகர் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை அந்தக் காமாட்சியின் மகன். வீணை தனம்மாள் வீட்டில் மகள்கள் சேர்ந்து பாடினார்கள். பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் அதைத் தொடர்ந்தார்கள். 1926இல் பத்து வயது எம். எஸ். சுப்புலட்சுமியின் குரல் முதன்முதலாகத் தட்டில் ஏறியபோது அருகே தாயார் சண்முகவடிவின் வீணை இருந்தது. ஆலத்தூர் சகோதரர்கள் ரத்த உறவில் சகோதரர்களே இல்லை. சீனிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் ஒரே குருவிடம் பயின்று குரலால் சகோதரர் ஆனவர்கள். இந்தப் பட்டியலில் பெண்கள் மிகுதி என்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்கக் காலத் தட்டுகளில் பாடிய பெண்களில் மிகப் பலர் தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அந்த வீடுகளில் இசை தாயிடமிருந்து மகளுக்கு, அக்காளிடமிருந்து தங்கைக்கு வாய்வழியே போனது. சொல்லிக்கொடுக்கும் முறையே ஒருவர் பாட, மற்றவர் வாங்குவது. அதனால் அவர்கள் இணைந்து பாடும்போது நமக்குக் கேட்பது பாட்டு மட்டுமில்லை. அந்த வீட்டின் பாட வகுப்பும் சேர்ந்து கேட்கிறது. எழுதிவைக்காத ஒரு கல்வி முறைக்கு இதைவிட நேரடியான ஆவணம் நமக்குக் கிடைக்காது.

நம் தட்டுகளைக் கூர்ந்து கேட்டு, பக்க ஒலியையும் பொருட்படுத்திய காதுக்கு ஓர் உதாரணம் வெளிநாட்டிலிருந்தே உண்டு. பிரான்ஸ் நாட்டு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாழ், கோயமுத்தூர் தாயியின் தட்டைக் கேட்டு மயங்கி, 1912இல் இந்தியா வந்தபோது அவரைத் தேடிச் சென்றார். பிறகு அந்தத் தட்டின் தாக்கத்தில் ‘ராகமாலிகா’ என்ற படைப்பை எழுதினார். அதில் குரல் பகுதியோடு அவர் நிற்கவில்லை. பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டையைச் செருகி, அதன் ஓசையை மழுங்கடித்து, நம் தாள வாத்தியத்தின் ஒலியைப் போலிசெய்யச் சொன்னார். பாரிஸில் இருந்த ஒருவருக்குத் தாயியின் மொழி தெரியாது, சொல் புரியாது. அதனாலேயே அவர் காது முன்னால் இருந்த பெரிய குரலோடு நிற்காமல் பின்னால் இருந்ததையும் வாங்கிக்கொண்டது. நமக்குச் சொல் புரிகிறது, ஆளும் தெரிகிறது. அந்த வசதியே நம்மைச் சோம்பேறியாக்கிவிடுகிறது.

மூன்றாவது ஆட்சேபம் நாடகத் தட்டுகளைப் பற்றியது. 1920களின் கடைசியிலும் 1930களிலும் தமிழ்நாட்டில் கிராமபோன் வியாபாரம் சூடுபிடித்தபோது, வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி போன்ற நாடகங்களைத் தொடர் தட்டுகளாக, ‘செட்’டாக விற்றார்கள். நாய் மார்க் தட்டு விற்ற கிராமபோன் கம்பெனி ஒருபுறம், ஓடியன், கொலம்பியா போன்றவை மறுபுறம். பின்னாளில் ஏவிஎம் ஸ்டூடியோவை நிறுவிய மெய்யப்பச் செட்டியாரும் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியே தட்டு வியாபாரத்திலிருந்துதான் சினிமாவுக்கு வந்தார். ‘விடிய விடிய நடக்கும் நாடகத்தைச் சில தட்டுகளில் அடைத்தால் அது நாடகமா?’ என்று கேட்பார்கள். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். ஐந்து தட்டு என்று வைத்துக்கொண்டால் பத்துப் பக்கம், அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். சுருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் எதைச் சுருக்கினார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். வேலனும் வள்ளியும் எதிரெதிர் நின்று தர்க்கம் செய்யும் இடம் நிற்கிறது. ஒருவர் அடியை முடிக்குமுன் மற்றவர் பாய்ந்து பிடிக்கும் வேகம் நிற்கிறது. நடுவே ஆர்மோனியக்காரர் சபாஷ் போடும் குரல் கேட்டால் அதுவும் நிற்கிறது. தனி ஆலாபனையைக் குறைத்து, குரலும் குரலும் மோதும் இடங்களுக்கு முதலிடம் தந்தார்கள். நேரம் போதாதபோது அவர்கள் எதைக் காப்பாற்றினார்களோ அதுதான் அவர்களுக்கு உயிரான பகுதி. மூன்று நிமிடக் கட்டாயம் கூட்டுக் குரலைக் கொல்லவில்லை. அதைச் சாறாக வடித்துக் கொடுத்தது.

இன்னொரு மறுப்பையும் நேராகச் சந்திக்க வேண்டும். ‘ஜனங்கள் காசு கொடுத்து வாங்கியது கிட்டப்பாவின் குரலுக்காக, சுந்தராம்பாளின் குரலுக்காக. ஆர்மோனியக்காரருக்காக யார் தட்டு வாங்கினார்கள்?’ உண்மைதான். நாடக மேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் 27 வயதில் மறைந்தபோது தமிழ்நாடு அழுதது ஒரு தனிக்குரலை நினைத்துத்தான். ஆனால் வாங்கும் காரணமும் கேட்கும் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தேரைப் பார்க்கத்தான் போகிறோம். முட்டுக்கட்டை போடுபவர் இல்லாவிட்டால் தேர் வீட்டுக்குள் புகுந்துவிடும். கிட்டப்பாவின் மேடைக்கு அவர் அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியம் அப்படிப்பட்டது. உச்ச ஸ்தாயியில் தம்பி எங்கே நிற்பார், எப்போது இறங்குவார் என்பது கூடப் பிறந்தவருக்கே தெரியும். நட்சத்திரத்தின் புகழ் நூறு ஆண்டு தாண்டியும் எழுத்தில் இருக்கிறது. கட்டுரை உண்டு, நூல் உண்டு, தபால்தலை உண்டு. துணைக்குரலுக்கோ தட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. தட்டையும் நட்சத்திரத்துக்காக மட்டுமே கேட்டால், உள்ள ஒரே சாட்சியையும் விசாரிக்காமல் வழக்கை முடித்ததாகிவிடும்.

1925இல் மைக் வந்தது. சில ஆண்டுகளில் இந்தியத் தட்டுகளும் மின்சாரப் பதிவுக்கு மாறின. துணைக்குரலுக்கு இது நல்ல காலம். நெஞ்சைப் பிளந்து கத்த வேண்டியதில்லை, தாழ்ந்த குரலும் தூரத்துக் குரலும் பதிந்தன. கோரஸ் என்ற ஒன்று தட்டில் கேட்கத் தொடங்கியது. 1931இல் ‘காளிதாஸ்’ வந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்கியபோது நாடகத் தட்டில் பாடியவர்கள் கூட்டமாகச் சினிமாவுக்குள் நுழைந்தார்கள். இந்த இடத்தில் சேலத்துக்கு நெருக்கமான ஒருவரைச் சொல்ல வேண்டும். மாடர்ன் தியேட்டர்ஸின் ‘உத்தம புத்திரன்’ (1940), ‘மந்திரி குமாரி’ (1950) படங்களுக்கு இசையமைத்த ஜி. ராமநாதன், இளமையில் நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவர். பிறகு தம் அண்ணன் சுந்தர பாகவதரின் கதாகாலட்சேபத்துக்குத் துணை நின்றவர். வசவுச் சொல்லாக நாம் வைத்திருக்கும் அதே வேலையில் காது தேர்ந்தவர்தான் பிறகு பெரும் பாடகர்களுக்கெல்லாம் மெட்டுக் கட்டினார். அவருடைய ஜோடிப் பாடல்களில் ஒரு குரல் முடிக்கும் இடத்தில் மறு குரல் எவ்வளவு இயல்பாக ஏறிக்கொள்கிறது என்று கவனித்தால், அதன் வேர் காலட்சேப மேடையின் பின்வரிசையில் இருப்பது விளங்கும். பின்பாட்டு மறையவில்லை, சினிமாவின் இசையமைப்பாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்தது.

‘பழையது என்றால் பொன்னா?’ என்று கேட்டால், இல்லை என்பேன். மோசமான கூட்டுக் குரல் தட்டுகள் நிறைய உண்டு. பக்கம் தீரப்போகிறது என்ற பயத்தில் கடைசி அரை நிமிடம் குதிரை ஓட்டும் தட்டுகள். ஆர்மோனியம் எல்லாரையும் விழுங்கிவிட்ட தட்டுகள். துணைக்குரல் முதற்குரலை மிஞ்ச நினைத்துக் கத்தும் தட்டுகள். ஏக்கத்தால் கேட்பவருக்கு இவையும் இனிக்கும். என் முறையால் கேட்பவருக்கு இனிக்காது. அதுவே இந்த முறைக்கு ஆதரவான வாதம். எல்லாவற்றையும் புகழ்வது ரசனை இல்லை. துணைக்குரல் எப்போது நுழைகிறது, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, எதை நேராக்குகிறது, எங்கே விட்டுக்கொடுக்கிறது என்ற நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால் நல்ல தட்டும் கெட்ட தட்டும் தாமாகப் பிரிந்துவிடும்.

கடைசி மறுப்பு இந்தக் காலத்தவருடையது. ‘கம்ப்யூட்டரில் இரைச்சலை நீக்கிச் சுத்தமாகக் கொடுக்கிறார்களே, அதைக் கேட்டால் போதாதா?’ சுத்தம் செய்வது தப்பில்லை. ஆனால் இரைச்சலை அறுக்கும் கத்தி, இரைச்சலுக்குப் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அறுக்கும். புனலுக்கு நெருங்கி நின்ற முதற்குரல் உரத்தது, தப்பிக்கும். தள்ளி நின்ற துணைக்குரல் இரைச்சலின் மட்டத்துக்கு அருகே இருக்கிறது; அளவு மீறினால் முதலில் சாவது அதுதான். வேகமும் கவனிக்க வேண்டியது. 78 சுற்று என்பது பின்னால் நிலைபெற்ற கணக்கு. தொடக்கக் காலத் தட்டுகள் அதற்கு மேலும் கீழுமாகப் பதிவானவை. 74 சுற்றில் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். நிதானமாகப் பாடிய இருவர் அவசரக்காரர்களாகத் தோன்றுவார்கள், அவர்களுக்கு இடையிலான மயிரிழை இடைவெளி நசுங்கிவிடும். ஆகவே ஒரே பாட்டின் இரு பதிப்பு கிடைத்தால், துணைக்குரல் எதில் உயிரோடு இருக்கிறதோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். பொரிசத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

கேட்கும் வழியைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். ஒரு பக்கத்தை மூன்று முறை கேளுங்கள். மொத்தம் பத்து நிமிடம் ஆகும். முதல் முறை எல்லாரையும் போல முதற்குரலைக் கேளுங்கள். இரண்டாம் முறை அதை வேண்டுமென்றே விட்டுவிட்டுத் துணைக்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். மூன்றாம் முறை இரண்டுக்கும் நடுவில் இருங்கள். மூன்றாம் முறை கேட்கும் முதற்குரல், முதல் முறை கேட்ட குரலாக இருக்காது. அதன் உயரம் அப்போதுதான் தெரியும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இந்த ஊரிலும், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் பக்கத்து வீடுகளிலும், பழைய மைக் செட் கடைகளின் பரண்களிலும் அரக்குத் தட்டுகள் கிடக்கக்கூடும். பழைய சாமான்காரருக்குப் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். லேபிளில் உள்ள பெயரையும், லேபிள் எண்ணையும், லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான இடத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தட்டைப் படுக்க அடுக்காமல் நிற்க வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் யாராவது, ‘இதில் பின்னால் பாடுகிறவர் இன்னார்’ என்று சொன்னால், அந்தப் பெயரையும் அதன் எதிரே எழுதுங்கள். லேபிளில் அச்சாகாத அந்தப் பெயர் முதல் தடவையாக எழுத்தில் ஏறுவது உங்கள் நோட்டிலாக இருக்கட்டும்.